குதிரைக்குக் கால் ஒடிந்தால் ஏன் அவ்வளவு பயம்?

பழைய கௌபாய் படங்கள் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரிந்திருக்கும். வேகமாக ஓடி வரும் குதிரை இடறி விழும். கதாநாயகன் இறங்கி, குனிந்து, அதன் காலைத் தடவிப் பார்ப்பான். முகம் மாறும். இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுப்பான். ஒரு சத்தம். அடுத்த காட்சியில் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போவான்.

நாய்க்குக் கால் ஒடிந்தால் கட்டுப் போடுகிறோம். ஆட்டுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுகிறோம். மனிதனுக்கு இருக்கவே இருக்கிறது புத்தூர் கட்டு. குதிரைக்கு மட்டும் ஏன் துப்பாக்கி? இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாளாக உண்டு. நான் படிப்பது பி.காம். குதிரைக்கும் எனக்கும் உள்ள உறவு, கல்யாண ஊர்வலத்தில் தள்ளி நின்று பார்த்ததோடு சரி :-) ஆனால் இதைத் தேடிப் படிக்கப் படிக்க, இது மருத்துவக் கதை மட்டுமல்ல, நம்ம காமர்ஸ் கதையும்தான் என்று புரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவிழ்த்து விட்ட பிறகு

முதலில் ஒரு சாதாரண நாளைப் பார்ப்போம். லாயத்தில் நிற்கும் குதிரையைத் தினமும் வேலி போட்ட ஒரு புல் திடலில் அவிழ்த்து விடுவார்கள். ஆங்கிலத்தில் இதற்கு டர்ன்அவுட் என்று பெயர். குதிரைக்கு இது அவசியம். இயல்பில் அது நாள் முழுக்க நடந்துகொண்டே மேயும் மிருகம். நாலு சுவருக்குள் அடைத்தே வைத்தால் உடம்பும் கெடும், மனசும் கெடும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அடைந்து கிடந்த குதிரை திறந்த வெளியைக் கண்டதும் துள்ளும், பின்னங்கால்களை உதறும், ஈரப் புல்லில் வழுக்கும், வேலியில் காலை விடும், பக்கத்துக் குதிரையிடம் உதை வாங்கும். அடிபடுமே என்று பயந்து லாயத்திலேயே அதிக நாள் வைத்திருந்தால், வெளியே விடும் அன்று ஆட்டம் இன்னும் அதிகமாக இருக்கும். அதனால்தான் நீண்ட ஓய்வுக்குப் பிறகு வெளியே விடும்போது லேசாக மயக்கம் தரும் மருந்து கொடுத்து விடுவதும் உண்டு.

சரி, ஒருநாள் அப்படி ஏதோ நடந்துவிட்டது. குதிரை ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் நிற்கிறது. என்ன ஆயிற்று? இங்கேதான் குதிரைக்காரர்களின் அடிவயிறு கலங்கும். ஏனென்றால் குளம்புக்குள் சீழ் கட்டினாலும் குதிரை இதே மாதிரிதான் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். குளம்பைக் கொஞ்சம் செதுக்கிச் சீழை வெளியேற்றினால் பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் எலும்பு ஒடிந்திருந்தாலும் பார்வைக்கு அதே நொண்டல்தான். ஒன்று சில நாள் தொல்லை, இன்னொன்று உயிர் போகும் விஷயம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

எக்ஸ்ரே எடுத்தாலும் கவலை தீர்ந்துவிடாது. மயிரிழை போன்ற விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமலே போகலாம். 10 முதல் 14 நாள் கழித்து, விரிசலின் ஓரத்தில் எலும்பு கரையத் தொடங்கிய பிறகு மறுபடி எடுத்தால்தான் தெரியும். அதுவரை குதிரையை அசையாமல் வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டு வாரம் வெறும் காத்திருப்புதான். ஒரு தடவை துள்ளினால் போதும், விரிசல் முறிவாகிவிடும்.

ஒற்றை விரலில் நிற்கும் உடம்பு

இவ்வளவு பயப்பட என்ன இருக்கிறது? குதிரையின் காலைத் தெரிந்துகொண்டால் விடை கிடைக்கும்.

பந்தயக் குதிரையின் எடை சுமார் 500 கிலோ. அது நிற்பதோ ஒவ்வொரு காலிலும் ஒரே ஒரு விரலில். குளம்பு என்பது நம் நடுவிரலின் நகம் மாதிரி. முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, தசைநார், மேலே மெல்லிய தோல். அவ்வளவுதான். முழு வேகத்தில் ஓடும்போது அதன் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு பாரம் ஒரே ஒரு முன்னங்காலில் இறங்கும். அங்கே எலும்பு உடைந்தால் சுற்றிப் பாதுகாக்கச் சதை இல்லை. சில்லுகள் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், ரத்த ஓட்டம் குறையும், அழுக்கு உள்ளே போகும்.

சரி, படுக்க வைத்து வைத்தியம் பார்க்கலாமே? முடியாது. குதிரை நின்றுகொண்டே தூங்கும் மிருகம். கொஞ்ச நேரம் படுக்கும், எழுந்துவிடும். அரை டன் உடம்பு நாள்கணக்கில் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் அடியில் இருக்கும் தசைகளும் நுரையீரலும் நசுங்கிக் கெட்டுப் போகும்.

அப்போது மூன்று காலில் நிற்கட்டுமே? அதிலும் சிக்கல். குளம்பின் ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக ஒரு திசு இருக்கிறது. எலும்பைக் குளம்போடு பிடித்து வைத்திருப்பது அதுதான். குதிரை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் அந்தத் திசுவுக்கு ரத்தம் சரியாகப் போய் வருகிறது. ஒரு கால் ஒடிந்து, பாரம் முழுக்க எதிர்க்காலில் வாரக்கணக்கில் நின்றால், அந்த நல்ல காலில் திசு பட்டினி கிடந்து செத்துப் பிரியத் தொடங்கும். இதற்கு லாமினைட்டிஸ் என்று பெயர். அதாவது ஒடிந்த காலைக் காப்பாற்றப் போய் ஒடியாத கால் போய்விடும்!

உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்சின் லியோன் நகரில் 1761ல் குளோட் பூர்ஜலா என்பவரால் தொடங்கப்பட்டது. அவரே குதிரைகளைப் பற்றி நன்கு அறிந்தவர். எக்ஸ்ரே 1895ல் வந்தது. மனித எலும்பைத் தட்டும் ஸ்க்ரூவும் வைத்து இறுக்கும் முறையை ஒழுங்குபடுத்திய சுவிட்சர்லாந்து மருத்துவர் குழு 1958ல் உருவானது. இவ்வளவு வந்த பிறகும் குதிரையின் கால் பிடிவாதமாகவே இருந்தது. ஏன் என்பதை ஒரே ராத்திரியில் உலகத்துக்குக் காட்டியது ரஃபியன்.

1975: ரஃபியன்

ரஃபியன் கறுத்த நிறப் பெட்டைக்குதிரை. 1972ல் பிறந்தது. ஓடிய 10 பந்தயத்திலும் வெற்றி. 1975 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் பெல்மான்ட் பார்க்கில் அதற்கும், அந்த வருடம் கென்டக்கி டெர்பி ஜெயித்த ஃபூலிஷ் பிளஷர் என்ற ஆண் குதிரைக்கும் நேருக்கு நேர் போட்டி. மைதானத்தில் 50,000 பேர். டிவியில் கோடிக்கும் மேற்பட்டவர்கள். ஆணா பெண்ணா என்று அமெரிக்கா முழுக்க ஒரே விவாதம்.

பந்தயம் தொடங்கிக் கொஞ்ச தூரத்திலேயே ரஃபியனின் வலது முன்னங்காலில், குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் செசமாய்டு எலும்புகள் இரண்டும் நொறுங்கின. ஜாக்கி நிறுத்தப் பார்க்கிறார், குதிரை நிற்கவில்லை. ஒடிந்த காலிலேயே ஓடியது. ஓடுவதற்காகவே பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த உடம்பு அது, வலித்தாலும் ஓட மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அன்று இரவே அறுவை சிகிச்சை செய்தார்கள். மருத்துவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அதன் பிறகுதான் நடக்கக் கூடாதது நடந்தது. மயக்கம் தெளியும்போது ரஃபியன் படுத்தபடியே ஓடத் தொடங்கியது. அரைகுறை நினைவில் அது இன்னும் பந்தயத்தில்தான் இருந்தது போல! நாலு காலையும் உதறியதில் மாவுக்கட்டு நொறுங்கி, சரி செய்த காலும் மறுபடி நொறுங்கியது. இன்னொரு சிகிச்சையைத் தாங்காது என்று ஜூலை 7 அதிகாலையில் கருணைக்கொலை செய்தார்கள். பெல்மான்ட் பார்க் மைதானத்துக்குள்ளேயே புதைத்தார்கள்.

ரஃபியன் சொல்லிவிட்டுப் போன பாடம் இது. எலும்பை ஒட்டுவது பாதி வேலைகூட இல்லை. பயந்தால் ஓடு என்பதுதான் குதிரையின் உயிர் காக்கும் ஒரே வித்தை. எழுந்ததும் ஓட நினைக்கும் மிருகத்திடம் எப்படி “அசையாதே” என்று சொல்வது?

இதற்கு ஒரு விசித்திரமான விடையைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையம் வைத்திருந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ழாக் ஜென்னி என்ற அறுவை மருத்துவர் முன்னமே யோசித்து வைத்த வழி அது. சிகிச்சை முடிந்த குதிரையை மயக்கத்தோடு அப்படியே தூக்கி, ரப்பர் மிதவையில் வைத்து, வெதுவெதுப்பான நீச்சல் குளத்தில் இறக்கி விடுவது. நாலு காலும் மிதவையின் உறைகளுக்குள் தொங்கும். விழித்ததும் குதிரை தாராளமாக ஓடலாம், உதைக்கலாம். தண்ணீரில் எதுவும் மோதாது. நன்றாகத் தெளிந்த பிறகு தூக்கிக் கொண்டுபோய் லாயத்தில் நிறுத்துவார்கள். குதிரையிடம் ஓடாதே என்று சொல்ல முடியாது, ஆனால் ஓடினாலும் அடிபடாத இடத்தில் வைக்கலாம்.

1987: வேலிக்குள் ஒரு விபத்து

அடுத்த கதைதான் நாம் தொடங்கிய இடத்துக்கு நேராகப் பொருந்துவது. பந்தயமே இல்லை. மேய்ச்சல் திடல்தான்.

ருடால்ஃப் நூரியெவ் என்ற பாலே நடனக் கலைஞரின் பெயரை வைத்த குதிரை நூரியெவ். 1977ல் பிறந்தது. அடுத்த வருடமே கீன்லேண்ட் ஏலத்தில் கிரேக்கக் கப்பல் முதலாளி ஸ்டாவ்ரோஸ் நியார்கோஸ் 13 லட்சம் டாலருக்கு வாங்கினார். ஓடியது மூன்றே பந்தயம். 1980ல் இங்கிலாந்தின் 2000 கினீஸ் பந்தயத்தில் முதலாவதாக வந்தும், இன்னொரு குதிரைக்கு இடைஞ்சல் செய்ததாகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. அதற்குப் பிறகு பொலிகுதிரையாக, அதாவது இனவிருத்திக்காகவே வைத்திருக்கும் ஆண் குதிரையாக, கென்டக்கியில் வால்மாக் பண்ணைக்கு வந்தது. உண்மையான பணம் அங்கேதான்.

1987 மே மாதம் திடலில் இருந்தபோது நூரியெவின் வலது பின்னங்கால் நொறுங்கியது. பந்தயத்தின் வேகம் இல்லை, ஜாக்கி இல்லை, கூட்டம் இல்லை. வேலிக்குள் சும்மா விட்டிருந்த குதிரை. எத்தனை கோடி பெறுமான குதிரையாக இருந்தாலும் வேலி வேலிதான், கால் கால்தான்.

பிழைப்பது கடினம் என்றுதான் நினைத்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் அதற்கென்றே தனிக் கொட்டகை அமைத்தார்கள். வயிற்றுக்கு அடியில் அகலமான பட்டை கொடுத்து, உத்தரத்திலிருந்து தொங்கவிட்டுப் பாரத்தைத் தாங்கினார்கள். ஆட்கள் இரவு பகலாக உடன் இருந்தார்கள். இப்படி மாதக்கணக்கில் போனது.

நூரியெவ் பிழைத்தது! மறுபடி பொலிகுதிரை வேலைக்கும் வந்தது. விபத்துக்குப் பல வருடம் கழித்து, 1994ல் பிறந்த அதன் மகன் பேந்த்ர செலேப்ர, 1997ல் ஐரோப்பாவின் மிகப் பெரிய பந்தயமான ஆர்க் டி ட்ரியோம்பை ஜெயித்தது. 1993ல் பிறந்த ஸ்பின்னிங் வேர்ல்டும் அதே 1997ல் அமெரிக்காவில் பிரீடர்ஸ் கப் மைல் பந்தயத்தை ஜெயித்தது. 1987ல் அந்தத் திடலிலேயே துப்பாக்கியை எடுத்திருந்தால் இந்த இரண்டு குதிரைகளும் பிறந்தே இருக்காது. நூரியெவ் 2001ல் 24 வயதில் இறந்தது.

இங்கே ஒரு காமர்ஸ் குறிப்பு. உயர்ரகப் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி கிடையாது. இயற்கையாகச் சேர்ந்து பிறந்தால்தான் பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறும். பொலிகுதிரை தன் முழு எடையையும் இரண்டு பின்னங்காலில் தாங்கி எழ வேண்டும். ஆக, பின்னங்கால்தான் அதன் மூலதனம். மாட்டுப் பண்ணையில் என்றால் காலொடிந்த காளையின் விந்தைச் சேமித்து வைத்து வியாபாரத்தைத் தொடரலாம். இங்கே கால் போனால் வருமானம் மொத்தமும் போய்விடும். நூரியெவுக்கு ராஜ வைத்தியம் நடந்ததில் பாசமும் இருந்திருக்கும், கணக்கும் இருந்திருக்கும்.

1990: உயிருக்கு மேல் இன்சூரன்ஸ்

கணக்கு எப்போதும் குதிரைக்குச் சாதகமாகவே இருக்குமா? இல்லை. அதற்கு உதாரணம் ஆலிடார்.

1978ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களிலும் அஃபர்ம்ட் என்ற குதிரைக்குப் பின்னால் இரண்டாவதாக வந்து புகழ் பெற்ற குதிரை இது. (மூன்று தடவையும் ரெண்டாவது ராங்க்... நம்மில் சிலருக்கு அந்த வலி புரியும்!) ஆனால் பொலிகுதிரையாக அஃபர்ம்டைவிடப் பெரிய பெயர் வாங்கியது. 1987 கென்டக்கி டெர்பி ஜெயித்த அலிஷீபாவின் அப்பா இதுதான். புகழ்பெற்ற காலுமெட் பண்ணையின் சொத்து.

1990 நவம்பர் 13 இரவு ஆலிடார் தன் லாயத்துக்குள்ளேயே வலது பின்னங்கால் ஒடிந்த நிலையில் காணப்பட்டது. கதவை உதைத்ததால் ஒடிந்தது என்று சொன்னார்கள். மறுநாள் சிகிச்சை நடந்தது. நவம்பர் 15 அன்று அதே காலில் தொடை எலும்பும் முறிய, கருணைக்கொலை செய்தார்கள். இன்சூரன்ஸ் தொகை சுமார் 3 கோடியே 65 லட்சம் டாலர்.

அந்தச் சமயத்தில் பண்ணையின் கடன் 10 கோடி டாலருக்கும் மேல். 1991ல் காலுமெட் திவால் மனு கொடுத்தது, 1992ல் ஏலத்துக்கு வந்தது. பண்ணையை நடத்திய ஜே.டி. லண்டி 2000ஆம் ஆண்டில் வங்கி மோசடி, லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்தக் குதிரையை வேண்டுமென்றே காயப்படுத்தியதாக எவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் இன்றுவரை போகவில்லை. காரணம் எளிது. உயிரோடு இருக்கும் குதிரையைவிட இறந்த குதிரைக்கு உடனடிப் பணம் அதிகம் என்ற நிலை வந்துவிட்டால், “ஐயோ கால் ஒடிந்துவிட்டதே” என்று ஒருவர் பதறினாலும் நாம் அதை நம்பத் தயங்குவோம். இன்சூரன்ஸ் பாடத்தில் இன்சூரபிள் இன்ட்ரஸ்ட் என்று மனப்பாடம் செய்தோமே, பொருள் நல்லபடியாக இருப்பதில்தான் உனக்கு லாபம் இருக்க வேண்டும் என்று, அது எதற்கு என்பது எனக்கு ஆலிடார் கதையில்தான் விளங்கியது.

குதிரை செத்தால் லாபம் என்ற இந்தக் கணக்கு புதிதும் அல்ல, அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ எழுதியதைப் பாருங்கள். அரசர் வருடத்துக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல் வழியாக வாங்குகிறார், அவருடைய சகோதரர்களும் அதே அளவு வாங்குகிறார்கள், வருட முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார். காரணமாக அவர் சொல்வது, இங்கே குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இல்லை, விற்கும் வணிகர்களோ வைத்தியர்களை வர விடுவதும் இல்லை. குதிரைகள் செத்துக்கொண்டே இருந்தால்தானே அடுத்த வருட வியாபாரம்!

பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப் இன்னொரு விவரம் தருகிறார். வந்து இறங்கிய குதிரைகளை 40 நாள் முளையில் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பிறகு பயிற்சி எதுவும் கொடுக்காமல் ஏறிக் கண்மண் தெரியாமல் ஓட்டியதால் நல்ல குதிரைகளும் சீக்கிரமே வீணாயின என்கிறார். வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து விலை கொடுக்க ஒப்பந்தம் இருந்ததாம். இருவரும் வெளியூர்க்காரர்கள், கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டிப்போட்டுவிட்டுத் திடீரென்று அவிழ்த்து விடுவதால் வரும் கேடு, இன்றைய லாயக்காரர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். நஷ்டம் முழுக்க வாங்குபவன் தலையில் விழும்போது, விற்பவனுக்குக் குதிரையின் காலைப் பற்றி என்ன கவலை?

2006: பார்பரோ

கடைசிக் கதை. 2006 மே 6 அன்று பார்பரோ என்ற குதிரை கென்டக்கி டெர்பியை ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. இரண்டு வாரம் கழித்து மே 20, பால்டிமோரில் பிரீக்னஸ் பந்தயம். தொடங்கிய சில நொடிகளில் வலது பின்னங்கால் முறிந்தது. ஜாக்கி எட்கர் பிராடோ உடனே நிறுத்தி இறங்கி, குதிரையைப் பிடித்துக்கொண்டார். ரஃபியன் மாதிரி ஒடிந்த காலில் நெடுந்தூரம் ஓடவில்லை. அங்கேயே காலுக்கு அணை கட்டி ஆம்புலன்ஸில் நியூ போல்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் டாக்டர் டீன் ரிச்சர்ட்சன் தலைமையில் பல மணி நேர அறுவை சிகிச்சை. மூன்று எலும்புகள் உடைந்திருந்தன. அதில் ஒன்று இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள். ஒரு தட்டும் 27 ஸ்க்ரூவும் வைத்து இறுக்கினார்கள். பிறகு அதே மிதவை, அதே நீச்சல் குளம். பார்பரோ அமைதியாக எழுந்தது. 1975ல் எங்கே தோற்றார்களோ அந்த இடத்தை 2006ல் தாண்டிவிட்டார்கள்.

நாடு முழுவதிலுமிருந்து கேரட்டும் ஆப்பிளும் வாழ்த்து அட்டைகளும் வந்து குவிந்தன. ஆனால் பிழைக்கும் வாய்ப்பு சரிபாதிதான் என்று ரிச்சர்ட்சன் முதலிலேயே சொல்லியிருந்தார். அவர் பயந்தது ஒடிந்த காலைப் பற்றி மட்டும் அல்ல. ஜூலையில் அது நடந்தது. ஒடியாத இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ். அந்தக் குளம்பின் ஓட்டில் சுமார் 80 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதையும் தாண்டி, இலையுதிர் காலத்தில் வெளியே அழைத்துப் போய்ப் புல் மேய விடும் அளவுக்குத் தேறியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

2007 ஜனவரியில் எல்லாம் சரிந்தது. இடது குளம்பு மோசமானது. ஒடிந்த வலது காலிலும் புதிய சிக்கல். பாரம் முன்னுக்கு நகர, முன்னங்கால்கள் இரண்டிலும் லாமினைட்டிஸ். நிற்க ஒரு நல்ல கால்கூட மிச்சமில்லை. ஜனவரி 29 அன்று உரிமையாளர்களும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். எட்டு மாதப் போராட்டம் முடிந்தது.

“அப்படியானால் அன்றைக்கே சுட்டிருக்கலாமே, எட்டு மாதம் வதைத்ததுதானே மிச்சம்” என்று நீங்கள் கேட்கலாம். அப்போதே நிறையப் பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். என்னுடைய பதில் இது. அந்த எட்டு மாதத்தில் பெரும்பகுதி அது நன்றாகச் சாப்பிட்டது, படுத்துத் தூங்கியது, ஆட்களைப் பார்த்துக் காதை நிமிர்த்தியது. வலி கட்டுக்குள் இருந்தவரை காத்திருந்தார்கள். கட்டுக்குள் வராது என்று தெரிந்த அன்றே நிறுத்தினார்கள். எங்கே நிறுத்துவது என்று முதலிலேயே ஒரு கோடு போட்டு வைத்திருந்ததால்தான் அந்தக் காத்திருப்பு வதையாக மாறவில்லை.

பிறகு என்ன மாறியது?

பார்பரோ பெயரால் நிதி திரண்டது, லாமினைட்டிஸ் ஆராய்ச்சிக்கும் பணம் போனது. நோய் இன்னும் முழுசாக வசப்படவில்லை. ஆனால் பாரத்தை மாற்றி மாற்றித் தருவதும் குளம்பைக் குளிரூட்டுவதும் எவ்வளவு முக்கியம் என்று இன்று தெரியும். இன்னொரு பக்கம், ஒடிந்த பிறகு ஒட்டுவதைவிட ஒடியும் முன் கண்டுபிடிப்பது மேல் என்று யோசனை திரும்பியது. பெரிய முறிவுகளில் பல, முன்பே இருந்த சின்ன விரிசல்களில்தான் தொடங்குகின்றன. 2019 கடைசியில் கலிபோர்னியாவின் சாண்டா அனிடா மைதானத்தில், குதிரையை மயக்கிப் படுக்க வைக்காமல் நின்ற நிலையிலேயே கால் எலும்பைப் பார்க்கும் பெட் ஸ்கேன் வந்தது. அமெரிக்கப் பந்தயங்களில் உயிர் போகும் காயங்கள் 2009ல் 1,000 ஓட்டத்துக்கு 2.00 என்று இருந்தது, 2022ல் 1.25 ஆகக் குறைந்தது. பூஜ்யம் இல்லைதான், ஆனால் குறைந்திருக்கிறது.

ஆக, கௌபாய் ஏன் துப்பாக்கியை எடுத்தான்? அவன் கொடுமைக்காரன் என்பதால் இல்லை. அந்தப் பாலைவனத்தில் அவனிடம் மிதவைக் குளம் இல்லை, தொங்கு பட்டை இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்கக் காசும் இல்லை. அவனால் முடிந்த ஒரே இரக்கம் அதுதான்.

நண்பர்களே, இதில் எனக்கு உறுத்தும் விஷயம் ஒன்று. திடலில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் குதிரையைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் வரும். ஒடிந்திருக்கிறதா? இந்தக் குதிரையால் காத்திருக்க முடியுமா? அந்தக் காத்திருப்புக்கு யார் பணம் கொடுப்பது? முதல் இரண்டுக்கும் மருத்துவம் ஓரளவு பதில் கண்டுபிடித்துவிட்டது. மூன்றாவதற்கு இல்லை. நூரியெவுக்குத் தனிக் கொட்டகை கிடைத்தது. அதே எலும்பு, அதே இடத்தில் ஒரு வண்டிக் குதிரைக்கு ஒடிந்தால் அதற்கு இன்றும் 1875தான். மருத்துவம் வளர்ந்த வேகத்தில் அதன் விலை இறங்கவில்லை.

குதிரை வைத்திருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் குதிரை நொண்டினால் பெரும்பாலும் அது சீழாகவோ சுளுக்காகவோதான் இருக்கும். இருந்தாலும் மருத்துவர் வரும்வரை அதை நடத்திப் பார்க்காதீர்கள், நின்ற இடத்திலேயே நிற்கட்டும். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும் நொண்டல் போகவில்லையானால் இரண்டாவது எக்ஸ்ரேயை விட்டுவிடாதீர்கள். நடுவில் அந்தப் பத்து நாளும் நீங்கள் தூக்கமில்லாமல் தவிப்பீர்கள். தவித்தாலும் பரவாயில்லை. எலும்பு தன் பதிலைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் அது.